கண் டாக்டர் இன்னும் படிச்சு முடிக்கலையா?

அத்தைக்கு போன மாசம் கண்ணு பாக்க தேதி குடுத்திருந்தது, மூணு மாசம் முன்னாடியே வாங்கின தேதி, ஃப்ரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டி தினம் ரெண்டு தடவ அதப் பாத்துக்கிட்டே இருந்தாங்க, கடைசி வாரத்துல டாக்டர் இந்தியாவுக்கு கான்ஃபரன்ஸ் போறாரு பத்து நாள் கழிச்சு வாங்கன்னு சொல்ல வேண்டியதா போச்சு. சொன்னது யாருன்னா நான்தான். அந்த கிளினிக்ல வேலை பாக்கறவளே நான், மத்த பேஷன்ட்டுக்கெல்லாம் போன்ல சொன்னேன், அத்தைக்கு மட்டும் அடுப்படியில நின்னு சொன்னேன். கையில இருந்த கரண்டிய கீழ வச்சிட்டு இங்க மொரிஷியஸ்ல எல்லாரும் பேசற கிரியோல் மொழியில ஒரே கேள்வி கேட்டாங்க, "லி பாங்கோர் ஃபினி அப்ரான்?" அவரு இன்னும் படிச்சே முடிக்கலையான்னு அர்த்தம்.

கேக்கறதுல தப்பில்ல. தலை முழுக்க நரைச்சவரு, எங்க ரோஸ் ஹில் ஊர்ல பாதி தமிழ் குடும்பத்துக்கு கேட்டராக்ட், அதான் கண்புரை ஆபரேஷன், பண்ணினவரு, அவரு எதுக்கு பேக்க தூக்கிக்கிட்டு போய் ஸ்கூல் பையன் மாதிரி உக்காந்து நோட்ஸ் எடுக்கணும்? இத அத்தை மட்டும் கேக்கல, அந்த வாரம் போன் பண்ணினவங்கள்ல நெறைய பேரு வேற வேற மாதிரி கேட்டாங்க, அதனாலதான் உக்காந்து எழுதறேன். நான் டாக்டர் இல்ல. மதுரையில ஆப்டோமெட்ரி படிச்சேன், கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து பதினாலு வருஷம் ஆச்சு, பவர் செக் பண்றது, ஸ்கேன் எடுக்கறது, அதோட டாக்டரோட சர்டிஃபிகேட் ஃபைல பாத்துக்கறதும் என் தலையிலதான். அந்த நீல கலர் ஃபைலு வழியா எனக்கு தெரிஞ்சதுதான் இது.

சி.எம்.இ, சி.பி.டி அப்படின்னு ரெண்டு வார்த்தை கேள்விப்பட்டிருப்பீங்க. சி.எம்.இ-ன்னா தொடர் மருத்துவக் கல்வி, அதாவது டாக்டர் பட்டம் வாங்கினதுக்கு அப்புறமும் வேலையில இருக்கற வரைக்கும் தொடர்ந்து படிக்கறது. சி.பி.டி-ன்னா தொடர் தொழில் வளர்ச்சி, கொஞ்சம் பெரிய குடை, மருத்துவ விஷயத்தோட நோயாளிகிட்ட பேசற விதம், சட்டம், நெறிமுறை, தன் வேலைய தானே கணக்கு பாக்கறது எல்லாம் அதுக்குள்ள வரும். பேச்சுல ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதிட்டுப் போறேன்.

எதுக்கு இதுன்னா, ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. இந்தியாவுல எம்.பி.பி.எஸ் ஹவுஸ் சர்ஜன் சேத்து அஞ்சரை வருஷம், மேல கண்ணுக்கு எம்.எஸ் மூணு வருஷம், எட்டரை வருஷத்துல முடிச்சு வெளிய வர்றவரு அதுக்கப்புறம் முப்பது முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாக்கறாரு. அந்த முப்பத்தஞ்சு வருஷத்துல கண் மருத்துவம் சும்மா நிக்காதே. நீங்க எங்ககிட்ட வந்தா தாடைய ஒரு கப்புல வச்சு பச்சை சிலுவைய பாருங்கன்னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல விழித்திரைய அடுக்கடுக்கா படம் எடுக்கறேனே, ஓ.சி.டி ஸ்கேனு, அந்த முறைய பத்தின முதல் கட்டுரை வந்ததே 1991-ல. 1990-ல பாஸ் பண்ணின டாக்டரு அத எந்த பாடப்புத்தகத்துலயும் பாத்திருக்க மாட்டாரு. சுகர்ல விழித்திரை வீங்கினா கண்ணுக்குள்ள போடற ஊசி இருக்கே, அந்த வகை மருந்துல ரானிபிஸுமாப் அமெரிக்காவுல அனுமதி வாங்கினது 2006-ல, அதுவும் முதல்ல வயசானவங்களுக்கு விழித்திரையோட நடுப்பகுதியில வர்ற மாக்குலா நோய்க்கு, சுகர் வீக்கத்துக்கு 2012-லதான். இந்த ஊசிங்க வர்றதுக்கு முன்னாடி லேசர்தான் முக்கிய வழி, லேசர் பெரும்பாலும் இருக்கற பார்வைய காப்பாத்தும், போன பார்வைய திருப்பி கொண்டு வர்றது குறைவு. பெரியவங்கள்ல அஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு சுகர் இருக்கற இந்த தீவுல, இத தெரியாத கண் டாக்டர் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

புதுசு வர்றது ஒரு பக்கம். அத விட முக்கியமா எனக்கு படறது பழசு மாறிப் போறது. இது சத்தமில்லாம நடக்கும். ஒரு உதாரணம் சொல்றேன், இது நான் பக்கத்துல இருந்து பாத்தது.

ஒரு அக்கா வருவாங்க, மூட்டு வாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடறாங்க, அதான் கோவிட் நேரத்துல டிவியில அடிபட்டதே அந்த மாத்திரை, மலேரியா மருந்தா வந்து வாதத்துக்கும் லூபஸுக்கும் நல்லா கேக்குதுன்னு வருஷக்கணக்கா குடுக்கறாங்க, நல்ல மருந்துதான். ஆனா ரொம்ப வருஷம் சாப்பிட்டா சில பேருக்கு விழித்திரைய அரிக்கும், அரிச்சா திரும்ப வராது. அதனால கண் டாக்டர்கிட்ட வருஷா வருஷம் செக் பண்ணனும். அந்த அக்கா காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஒரு மாத்திரை 200 மில்லிகிராம், மொத்தம் 400, பல வருஷமா அதே அளவு. எங்க டாக்டர் அன்னிக்கு ஸ்கேன் பாக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட, "இவங்கள வெயிட் மெஷின்ல ஏத்துமா"ன்னாரு. கண் கிளினிக்ல எதுக்கு வெயிட்டுன்னு அவங்களும் சிரிச்சாங்க நானும் உள்ளுக்குள்ள அதத்தான் நெனச்சேன். 48 கிலோ. டாக்டர் அந்த சீட்டு ஓரத்துலயே கணக்கு போட்டாரு, 400-ஐ 48-ஆல வகுத்தா கிலோவுக்கு 8.3 மில்லிகிராம். அமெரிக்க கண் மருத்துவ அகாடமி 2011-ல சொன்ன அளவு கிலோவுக்கு 6.5 வரைக்கும், அதுவும் உண்மையான எடைய வச்சு இல்ல, உயரத்துக்கு இருக்க வேண்டிய எடைய வச்சு. 2016-ல அத உண்மையான எடைக்கு கிலோவுக்கு 5 வரைக்கும்னு மாத்திட்டாங்க. இரண்டாயிரத்து சொச்சம் நோயாளிகள பின்னோக்கி ஆராய்ஞ்சு 2014-ல வந்த ஒரு ஆய்வுல, உண்மையான எடைக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பத்து வருஷம் வரைக்கும் பாதிப்பு ரெண்டு சதவீதத்துக்கும் கம்மி, இருபது வருஷம் தாண்டினா கிட்டத்தட்ட இருபது சதவீதம்னு தெரிய வந்துச்சு. ஆக அந்த அக்காவுக்கு வரம்பு 240, அவங்க சாப்பிடறது 400.

இதுல யாரையும் திட்ட முடியாது பாருங்க, மாத்திரை எழுதின டாக்டர் அன்னைக்கு இருந்த வழக்கப்படி எழுதினாரு, அது அப்படியே ரீஃபில் ஆகிக்கிட்டே வந்திருக்கு. எங்க டாக்டர் மாத்திரைய தானா நிறுத்தல, வாத டாக்டருக்கு லெட்டர் எழுதினாரு, அவரு அளவ குறைச்சாரு. (நீங்க யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டா இத படிச்சிட்டு தானா நிறுத்திடாதீங்க, வாதம் கிளம்பினா அது வேற கஷ்டம், டாக்டர்கிட்ட கேளுங்க, அவ்வளவுதான்.) அகாடமியோட அந்த 2016 கையேட்டுல இன்னொரு விஷயமும் இருந்துச்சு, ஆசிய வம்சாவளி ஆளுங்களுக்கு பாதிப்பு நடுவுல ஆரம்பிக்காம கொஞ்சம் தள்ளி வெளிவட்டத்துல ஆரம்பிக்கலாம், அதனால பார்வை எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு பாக்கற ஃபீல்டு டெஸ்ட்ட நடுவுல மட்டும் எடுத்தா பத்தாது, அகலமானதும் எடுக்கணும்னு. அன்னைக்கு வரைக்கும் நான் நடுவ பாக்கற 10-2 டெஸ்ட் மட்டும்தான் எடுத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அகலமான 24-2-உம் எடுக்கறேன். ஒரு பத்து பக்க கையேடு, அத ஒருத்தர் படிச்சாரா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்.

சரி, இப்ப பாயிண்ட்டுக்கு வருவோம்.

டாக்டர் படிக்கறாரா இல்லையான்னு எப்படி தெரியும்? அதுக்குத்தான் கிரெடிட், பாயிண்ட், யூனிட்னு ஊருக்கு ஒரு பேரு. பொதுவா ஒரு மணி நேரம் உக்காந்தா ஒரு பாயிண்ட்னு வச்சுக்கோங்க. நாட்டுக்கு நாடு கணக்கு வேற. இந்தியாவுல அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம். தென்னாப்பிரிக்காவுல வருஷத்துக்கே 30 யூனிட், அதுல குறைஞ்சது 5 நெறிமுறை, மனித உரிமை, மருத்துவ சட்டம் பத்தி இருக்கணும், ஒரு தடவ வாங்கின யூனிட் 24 மாசம் வரைக்கும் செல்லும், கவுன்சில் திடீர்னு சில பேர தேர்ந்தெடுத்து ஃபைல காட்டுன்னு கேக்கும். இங்கிலாந்துல கண் டாக்டருக்கு வருஷத்துக்கு 50, அஞ்சு வருஷத்துல 250, அத வச்சு 2012-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ரீவேலிடேஷன்னு லைசென்ஸையே திரும்ப உறுதி பண்றாங்க. எங்களுக்கு கடல் தாண்டி பக்கத்து வீடான ரியூனியன் பிரான்ஸோட பகுதி, அங்க பிரெஞ்சு சட்டம்தான், தொடர்ந்து படிக்கறது அங்கயும் கட்டாயம். எங்க மொரிஷியஸ்ல மெடிக்கல் கவுன்சில் பதிவ புதுப்பிக்கறதோட சி.பி.டி பாயிண்ட்டும் சேந்தே வருது, அதனாலதான் வருஷ கடைசியில அந்த நீல ஃபைலு என் மேசைக்கு வரும், டாக்டர் சட்டைப் பையில மடிச்சு வச்ச சர்டிஃபிகேட், கார்ல கிடந்தது, ஈமெயில்ல வந்தும் டவுன்லோடு பண்ணாம விட்டது எல்லாத்தையும் தேடி எடுத்து தேதி வாரியா அடுக்கணும்.

முப்பது எங்க இருநூத்தம்பது எங்கன்னு பாத்தா சிரிப்பு வரும். இந்திய டாக்டர் மோசம், இங்கிலாந்து டாக்டர் ஒசத்தின்னு அர்த்தமா? கிடையாது. அஞ்சு வருஷத்துல 30 மணி நேரம்தான் கேட்டாலும் தானா முன்னூறு மணி நேரம் படிக்கறவங்கள மதுரையில பாத்திருக்கேன், 50-ஐயும் தூங்கி வாங்கறவங்களும் இருப்பாங்க. பாயிண்ட்டுங்கறது டாக்டர் அந்த நாற்காலியில இருந்தாருங்கறதுக்கு சாட்சி, அவரு மண்டைக்குள்ள என்ன போச்சுங்கறதுக்கு இல்ல.

இத நான் தைரியமா சொல்றதுக்கு காரணம் இருக்கு, கொஞ்சம் வெக்கமான காரணம். இங்க வந்த புதுசுல வேற ஒரு இடத்துல வேலை பாத்தேன், பேரு வேண்டாம். அங்க இருந்த டாக்டருக்கு ஆன்லைன் கோர்ஸ் வரும், வீடியோ பாத்துட்டு கடைசியில கேள்விக்கு டிக் அடிச்சா சர்டிஃபிகேட். அவரு என்னைக் கூப்பிட்டு, "நீ இங்கிலீஷ் நல்லா படிப்பியேம்மா, இத கொஞ்சம் முடிச்சு வச்சிடு"ன்னு பாஸ்வேர்ட குடுத்துட்டு போயிடுவாரு. புதுசா வந்தவ, என்ன சொல்றது, நானும் லஞ்ச் டைம்ல தால்பூரிய ஒரு கையில வச்சுக்கிட்டு மறு கையில கிளிக் பண்ணுவேன். ஒரு தடவ வந்த கோர்ஸு கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணுக்குள்ள சீழ் பிடிக்கறத பத்தி, எண்டாஃப்தால்மைட்டிஸ்னு சொல்வாங்க, அபூர்வமா வரும், வந்தா பார்வையே போகலாம். ஐரோப்பாவுல பதினாறாயிரம் பேருக்கு மேல சேத்து ஒரு ஆய்வு பண்ணினாங்க, முடிவு 2007-ல வந்துச்சு, ஆபரேஷன் முடியும்போது செஃபுராக்ஸிம்ங்கற ஆன்டிபயாடிக் 1 மில்லிகிராம, 0.1 மில்லிலிட்டர் சலைன்ல கலந்து, கண்ணோட முன்அறையில விட்டா தொற்று வர்ற வாய்ப்பு சுமார் அஞ்சுல ஒரு பங்கா குறையுதுன்னு. அதோட மருந்த கலக்கற அளவு தப்பினா அதுவே விழித்திரைக்கு விஷம்னும் அந்த வீடியோவுல சொன்னாங்க. எனக்கு பத்துக்கு ஒம்போது மார்க். பாயிண்ட் அவருக்கு, படிப்பு எனக்கு. அந்த தியேட்டர்ல அந்த மருந்த விடறாங்களான்னு ஒரு நாள் நர்ஸ்கிட்ட மெதுவா கேட்டேன், அப்படி ஒண்ணும் விடறதில்லையேன்னாங்க. அந்த மாசமே வேற வேலை தேட ஆரம்பிச்சேன்னு சொன்னா பெருமை பேசற மாதிரி இருக்கும், உண்மையில இன்னும் எட்டு மாசம் அங்கதான் இருந்தேன்.

அப்போ எந்த மாதிரி படிச்சா மண்டையில நிக்கும்? இதையும் ஆளுங்க ஆராய்ஞ்சிருக்காங்க. 1999-ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வு நேரடியாவே சொல்லிச்சு, மேடையில ஒருத்தர் பேச எதிர்ல எல்லாரும் உக்காந்து கேக்கற லெக்சரு டாக்டர் வேலை பாக்கற விதத்த பெருசா மாத்தறதில்ல, கேஸ் குடுத்து பேச வைக்கறது, கையால செஞ்சு பாக்கறது, திரும்ப திரும்ப கூடறது, இதெல்லாம் கொஞ்சம் மாத்துதுன்னு. காக்ரேன் அமைப்பு பின்னால பல ஆய்வுகள சேத்து எடை போட்டப்பயும் கூட்டம் போட்டு நடத்தற பாடத்தால நடைமுறை மாறினது நடுவாந்தரமா 6 சதவீதம் பக்கம்தான். அதாவது நூறு நோயாளி வந்தா கூடுதலா ஒரு ஆறு பேருக்கு சரியான வைத்தியம் கிடைக்குது. கம்மின்னு தோணலாம், அந்த ஆறுல நம்ம அம்மா ஒருத்தரா இருந்தா கம்மி இல்ல.

கண்ணுக்கு வேற ஒரு சிக்கலும் இருக்கு. கண் டாக்டருக்கு பாதி படிப்பு கையில. ஃபேகோன்னு சொல்ற, சின்ன வெட்டு வழியா ஒடைச்சு உறிஞ்சற கேட்டராக்ட் முறைய சார்லஸ் கெல்மன் 1967-ல கொண்டு வந்தாரு, பல் டாக்டர் அழுக்கு எடுக்கற அல்ட்ராசோனிக் கருவிய பாத்து வந்த யோசனைன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா உலகம் முழுக்க டாக்டருங்க பெரிய வெட்டு போட்டு தையல் போடற முறையில இருந்து அதுக்கு மாற இருபது முப்பது வருஷம் ஆச்சு, ஏன்னா நல்லா கை பழகின சர்ஜன் அம்பது வயசுல திரும்ப கத்துக்குட்டியா மாறணும். லென்ஸுக்கு பின்னால ஒரு உறை இருக்கு, அதோட தடிமன் நாலு மைக்ரான் பக்கம், தலைமுடியில பத்துல ஒரு பங்கு கூட வராது, அது கிழியாம உள்ள இருக்கற கல்லு மாதிரி கேட்டராக்ட ஒடைச்சு உறிஞ்சி எடுக்கணும். இத பவர்பாயிண்ட்ல கத்துக்க முடியுமா?

அதுக்குத்தான் வெட் லேப். நான் மதுரையில படிக்கும்போது பாத்திருக்கேன், காலையிலேயே கறிக்கடையில இருந்து ஐஸ் போட்ட டப்பாவுல ஆட்டுக்கண்ணு வரும், தெர்மாகோல்ல செஞ்ச முகத்துல கண்ணு இருக்க வேண்டிய குழியில அத வச்சு பின் குத்தி மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வைப்பாங்க. ஆட்டு லென்ஸ் ரொம்ப மெத்துன்னு இருக்கும், மனுஷ கேட்டராக்ட் மாதிரி கெட்டியா இருக்கறதுக்கு ஃபார்மலின் ஏத்துவாங்க, சில இடத்துல மைக்ரோவேவ்ல கூட வைப்பாங்க. முதல் நாள் அந்த வாடை குடலப் புரட்டும், மூணாம் நாள் அங்கயே உக்காந்து டீ குடிப்போம். நாப்பது வயசு டாக்டர் ஒருத்தரு முன்பக்க உறைய வட்டமா கிழிக்கற ரெக்ஸிஸ் பழகிக்கிட்டு இருந்தாரு, பதினோரு கண்ணுல வட்டம் ஓரத்துக்கு ஓடிப்போச்சு, பன்னெண்டாவதுல முழு வட்டம் வந்துச்சு, அவரு நிமிர்ந்து யாராவது பாத்தீங்களான்னு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. இப்ப பெரிய ஊர்ல சிமுலேட்டர் இருக்கு, கம்ப்யூட்டர் கேம் மாதிரி, கை நடுங்கினா மார்க் குறையும். ஆட்டுக்கண்ணுக்கு வாடை உண்டு, சிமுலேட்டருக்கு விலை உண்டு.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட பெரிய படிப்பு தன் ரிசல்ட்ட தானே எண்ணிப் பாக்கறது. ஆடிட்னு சொல்வாங்க. அந்த பின்னுறை எத்தனை பேருக்கு கிழிஞ்சுது, அடுத்த சர்ஜனுக்கு எத்தனை, மாசா மாசம் எழுதி வைக்கறது. 1976-ல வெங்கடசாமி டாக்டர் பதினோரு படுக்கையோட ஆரம்பிச்ச எங்க மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில இந்த எண்ணற பழக்கம் பெருசு. இங்கிலாந்துல நாடு முழுக்க கேட்டராக்ட் ஆடிட் நடத்தி ஒவ்வொரு சர்ஜனோட கணக்கையும் எடுத்தாங்க, 2010 வாக்குல 2 சதவீதமா இருந்த அந்த கிழிசல் பத்து வருஷத்துல 1 சதவீதம் பக்கம் வந்துச்சு. ஆடிட் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, கருவிங்களும் மாறிச்சே, ஆனாலும் தன் நம்பர் சுவத்துல தொங்கினா யாருக்கும் கொஞ்சம் உறைக்கும்.

மருந்து கம்பெனி விஷயத்த விட்டுட்டா எழுதினதுல அர்த்தமில்ல. ரொம்ப காலமா இந்த கூட்டங்களோட ஹால் வாடகை, சாப்பாடு, பேக், பேனா எல்லாம் கம்பெனி காசு. பேசறவருக்கும் சில சமயம் அவங்க காசு. மோசமான ஆளுங்கதான் இப்படின்னு இல்ல, நல்ல மனுஷனுக்கும் ஓசி பிரியாணி போட்ட கம்பெனியோட சொட்டு மருந்து பேரு சீக்கிரம் ஞாபகம் வரும், அவ்வளவுதான் மனசு. அமெரிக்காவுல 2010-ல சட்டம் போட்டு எந்த கம்பெனி எந்த டாக்டருக்கு எவ்வளவு குடுத்துச்சுன்னு வெளிய போட வச்சாங்க. இந்தியாவுல 2024-ல வந்த புது நெறிமுறைப்படி கம்பெனி டாக்டருக்கு டிக்கெட் ஹோட்டல் போட்டுக் குடுக்கக் கூடாது, பேச்சாளரா போனா தவிர. இப்பல்லாம் கான்ஃபரன்ஸ்ல ஒவ்வொருத்தரும் முதல் ஸ்லைடுலயே எனக்கு இந்தந்த கம்பெனியோட சம்பந்தம் இருக்குன்னு போடணும், அத ரெண்டு செகண்ட்ல தள்ளிட்டுப் போற வேகத்த பாக்கணுமே.

எங்க தீவுல இந்த படிப்புக்கு வேற ஒரு ருசி இருக்கு. இங்க கண் டாக்டருங்க ஒரே பள்ளிக்கூடத்து ஆளுங்க இல்ல, ஒருத்தர் இந்தியாவுல படிச்சிருப்பாரு, ஒருத்தர் பிரான்ஸ்ல, ஒருத்தர் ரஷ்யாவுல, ஒருத்தர் இங்கிலாந்துல, ஒரே நோய்க்கு ஆளுக்கு ஒரு பழக்கம், ஒருத்தரு கேஸ் ஷீட் பிரெஞ்சுல எழுதுவாரு ஒருத்தரு இங்கிலீஷ்ல எழுதுவாரு, நோயாளி கிரியோல்ல பேசுவாங்க. அதனால இங்க சாயங்காலம் கூடற சி.பி.டி-யில பாடத்த விட அதுக்கப்புறம் நடக்கற சண்டைதான் உபயோகம். மோக்காவுல இருக்கற அரசு கண் ஆஸ்பத்திரிக்கு பேரே சுப்பிரமணிய பாரதி கண் ஆஸ்பத்திரி, தமிழ்நாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க அந்த போர்டு முன்னால நின்னு போட்டோ எடுக்காம போனதில்ல. தீவோட கஷ்டமான கேஸு நெறைய அங்கதான் போய்ச் சேரும், இலவசம் வேற.

சின்ன ஊருங்கறதால ஒவ்வொரு உப பிரிவுக்கும் விரல் விட்டு எண்ணற ஆளுங்கதான், விழித்திரைக்கு இவரு, குழந்தைக் கண்ணுக்கு அவருன்னு. அவரு சந்தேகம் கேக்க பக்கத்துல இன்னொருத்தர் இல்ல. அதனால வெளிய போகணும், இல்ல வெளிய இருந்து வரணும், இல்ல ஸ்கிரீன்ல பாக்கணும். ஆர்பிஸ்ங்கற அமைப்பு 1982-ல இருந்து விமானத்துக்குள்ளயே ஆபரேஷன் தியேட்டர் வச்சு நாடு நாடா போய் சொல்லிக் குடுக்குது, அவங்களே 2003-ல சைபர்சைட்னு இணையத்துல ஆரம்பிச்சாங்க, எங்கயோ இருக்கற டாக்டர் தன் கேஸோட படத்த போட்டு நிபுணர்கிட்ட கேக்கலாம். கோவிட்டுக்கு அப்புறம் வெபினாருக்கு பஞ்சமே இல்ல. இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், அங்க ராத்திரி ஏழுன்னா இங்க அஞ்சரை, கடைசி பேஷன்ட்ட அனுப்பிட்டு டாக்டர் ஹெட்போன மாட்டிக்குவாரு, நான் கதவ பாதி சாத்திட்டு வெளிய பில் போட்டுக்கிட்டு இருப்பேன், உள்ள இருந்து தமிழ் வாடையோட இங்கிலீஷ் கேக்கும், ஊரு ஞாபகம் வரும்.

அத்தை விஷயத்துக்கு வர்றேன். பத்து நாள் கழிச்சு கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு புதுசா கண்டுபிடிச்ச குளுக்கோமா, கண்ணுல பிரஷர். அவங்க தன் பார்வைய சோதிக்கறது எங்க சார்ட்ட வச்சு இல்ல, இங்கத்த அரசியல் தலைவரு சீனிவாசன் படம் போட்ட மொரிஷியஸ் நூறு ரூபா நோட்ட எடுத்து அதுல இருக்கற தமிழ் எழுத்த படிச்சுப் பாப்பாங்க, தெரியுது அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுடுவாங்க. குளுக்கோமா அப்படி சுலபமா காட்டிக் குடுக்காது, ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டு வரும், நோட்டு கடைசி வரைக்கும் தெரியும். டாக்டர் எப்பவும் போல சொட்டு மருந்து எழுதப் போறாருன்னு நான் பேடை தள்ளினேன். அவரு எழுதல. லேசர் பண்ணலாமா அம்மான்னு கேட்டாரு. எஸ்.எல்.டி-ன்னு பேரு, ஒரு லென்ஸ கண்ணு மேல வச்சு சில நிமிஷம், கத்தி கிடையாது. பிரிட்டன்ல நடத்தின லைட்ங்கற ஆய்வு, 718 பேரு, 2019-ல முடிவு வந்துச்சு, முதல்லயே லேசர் போட்டவங்கள்ல நாலுல மூணு பேருக்கு மூணு வருஷம் கழிச்சும் சொட்டு மருந்து தேவைப்படலன்னு. தினம் ராத்திரி மறக்காம சொட்டு விடணுங்கற கவலை இல்ல, அத்தை மாதிரி ஆளுக்கு அது பெரிய விஷயம், அவங்க ஒரு சொட்டு கண்ணுல விடறதுக்குள்ள மூணு சொட்டு கன்னத்துல போகும்.

திரும்பி வரும்போது மெட்ரோவுல அத்தை ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு கேட்டாங்க, அப்ப இதத்தான் இந்தியாவுல போய் படிச்சிட்டு வந்தாரான்னு. ஆமான்னு சொல்லியிருந்தா அவங்க சமாதானம் ஆகியிருப்பாங்க. ஆனா அது அவருக்கு நாலஞ்சு வருஷமா தெரியும், அந்த சர்டிஃபிகேட்ட ஃபைல்ல வச்சதே நான்தான். இவ்வளவு நாளா எங்க கிளினிக்ல அந்த லேசர் மெஷின் இல்ல. ஆர்டர் போட்டது கப்பல்ல வந்துக்கிட்டு இருந்துச்சு, போன வாரம்தான் போர்ட் லூயிஸ்ல இறக்கி கஸ்டம்ஸ்ல இருந்து வெளிய விட்டாங்க.